வீட்டில் முளைக்கக்கூடாத செடியா எருக்கலை?

"உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பது தமிழர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவந்த கடுமையான சாபங்களில் ஒன்று. மனிதர் வாழ்ந்து, கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றும் முற்றத்தில் எருக்கு தழைப்பதில்லை. ஆளரவமற்றுப் பாழடைந்த மண்ணில்தான் அது ஓங்கி வளரும் என்ற அவதானமே இந்தச் சாபத்தின் அடிப்படையாகும். ஆனால் இன்றைய கொழும்பில் நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடு இடிக்கப்பட்ட இடத்தில் தொடர்மாடி எழுகின்றது. முற்றம் வாகனத் தரிப்பிடமாகின்றது. மதிலோரத்தில் எஞ்சிய ஒரு முழ மண்ணையும் சீமெந்து மூடிவிடுகின்றது. எருக்கு முளைப்பதற்கும் இடமில்லாத நகரொன்றை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். இது நமக்கு நன்மை தருமா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய விடயமாகும்.

எருக்கு, எருக்கலை என்றெல்லாம் நாம் அழைக்கும் இச்செடியைச் சிங்கள மக்கள் 'வரா' என்பர். தாவரவியலாளர் இதற்கு வழங்கியுள்ள பெயர் கலோற்றோப்பிஸ் ஜைகன்ரியா. இலங்கையையும் இந்தியாவையும் தென்கிழக்காசிய நாடுகளையும் இயற்கைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பல ஆண்டுகள் வாழ்ந்து ஆளுயரத்தையும் கடந்து மூன்று நான்கு மீற்றர் வரை வளரக்கூடியது. மெழுகு பூசியது போன்ற சாம்பல் பச்சை இலைகள், கிள்ளினால் வடியும் வெண்பால், கிரீடம் வைத்தாற்போன்ற நடுப்பகுதியைக் கொண்ட இளம் ஊதா நிறப் பூக்கள், முற்றி வெடிக்கையில் பஞ்சுடன் பறக்கும் விதைகள் ஆகியன இதன் அடையாளங்கள். வெள்ளைப் பூப் பூக்கும் வெள்ளெருக்கும் இதே இனத்தின் இன்னொரு வடிவமே. கரையோர மணலிலும் புகையிரதப் பாதையோரக் கற்களிடையேயும் எவரும் நீரூற்றாமலே வளர்ந்து, ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கும் செடி இது.

இந்தப் பூவை நாடி வருவோரில் முதன்மையானது கருவண்டு. பெயரில் வண்டு என்றிருந்தாலும் உண்மையில் இது தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடமைப்பதால் இதனைத் தச்சுத் தேனீ என்றும் கூறுவர். பெரிய உருவமும் உரத்த ரீங்காரமும் அச்சமூட்டினாலும் இது கூட்டமாக வந்து தாக்கும் இயல்புடையதல்ல. ஆண் கருவண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையால் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது.

பெரும்பாலான பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும். எருக்கம்பூவில் அது அவ்வாறில்லை. இரண்டு சிறு பைகளில் அடைக்கப்பட்டு, கவ்வி போன்ற ஓர் உறுப்பினால் இணைக்கப்பட்டிருக்கும். தேன் அருந்த வரும் பூச்சியின் கால் பூவிலுள்ள ஒடுங்கிய பிளவொன்றில் வழுக்கி இறங்குகின்றது. பூச்சி அதனை இழுத்தெடுக்கையில் கவ்வி காலில் மாட்டிக்கொள்ள, மகரந்தப் பைகள் இரண்டும் வெளியே வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் இதே பிளவில் கால் இறங்கும்போது பைகள் அங்கே விடப்படுகின்றன. பூட்டுக்கேற்ற சாவி போன்ற இந்த ஏற்பாட்டுக்கு உடல் வலு வேண்டும். சிறிய பூச்சிகளுக்கு அந்த வலு போதாது. எருக்கலைக்கும் தச்சுத் தேனீக்கும் இடையிலான இந்த உறவை விளக்கும் ஆய்வொன்றை வான்தோர்ப் என்ற தாவரவியலாளர் 1974ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். நம் வீதியோரத்தில் தினமும் நடக்கும் ஒரு காரியம் ஐரோப்பிய அறிஞரின் கவனத்தை ஈர்த்திருக்கின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

பூவுக்குக் கருவண்டு என்றால், இலைக்கு உரிய விருந்தாளி ஒரு வண்ணத்துப்பூச்சி. செம்மஞ்சள் நிறச் சிறகுகளும் கரிய ஓரமும் வெண்புள்ளிகளும் கொண்ட இதனைத் தமிழகத்தின் ஆர்வலர்கள் வெந்தய வரியன் எனப் பெயரிட்டு அழைக்கின்றனர். எகிப்திய கல்லறைச் சுவரோவியங்களில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்ற வண்ணத்துப்பூச்சி இது. தாய்ப்பூச்சி எருக்கிலையின் அடியில் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். சில நாட்களில் வெளிவரும் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளுடன் காணப்படும். இலையைக் கடிக்கும்போது பால் சுரந்து தன்னை மூழ்கடித்துவிடாதிருக்க, அது முதலில் இலையில் பிறைபோல ஒரு வெட்டு வெட்டிப் பாலோட்டத்தைத் தடுத்துவிட்டு, அதன் பின்னரே உண்ணத் தொடங்கும்.

எருக்கம்பாலில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருட்கள் உள்ளன. புழு அவற்றைத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்வதனால், பின்னர் சிறகு முளைத்துப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியும் பறவைகளுக்குக் கசப்பாகிவிடுகின்றது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை அதனைத் தீண்டுவதில்லை. நஞ்சற்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணினம் இதே நிறத்தையும் வரியையும் போர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பித்துக்கொள்கின்றது என்றால், இந்தக் கவசத்தின் மதிப்பு எத்தகையது என்பதை உணரலாம்.

இங்குதான் நாம் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விடயம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் வர வேண்டுமென்று விரும்புவோர் கடையில் கிடைக்கும் அழகிய பூச்செடிகளை வாங்கி வைக்கின்றனர். பூக்களில் தேன் இருந்தால் வளர்ந்த பூச்சி வந்து பருகிச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் அதன் குஞ்சுக்கு வேண்டியது தேனன்று, இலை. அதுவும் ஏதோவொரு இலையன்று. தலைமுறை தலைமுறையாக அந்த இனம் உண்டு பழகிய குறிப்பிட்ட சில செடிகளின் இலை. அது இல்லாத இடத்தில் எத்தனை பூக்கள் மலர்ந்தாலும் அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. உணவகம் இருந்து வீடில்லாத ஊரில் எவரும் குடும்பம் நடத்த முடியாதல்லவா?

இந்த உண்மையை அமெரிக்கக் கண்டம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. வெந்தய வரியனின் நெருங்கிய உறவினமான மொனார்க் வண்ணத்துப்பூச்சி கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. அதன் புழு உண்பது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளை மட்டுமே. சோளம், சோயா வயல்களில் களைநாசினிகள் பெருமளவில் தெளிக்கப்பட்டதால் வயலோரப் பால்செடிகள் அழிந்தன. 1996 - 97 குளிர்காலத்தில் மெக்சிக்கோவில் 18 ஹெக்டேயர் காட்டை மூடியிருந்த மொனார்க் கூட்டம், 2023 - 24 குளிர்காலத்தில் ஒரு ஹெக்டேயருக்கும் குறைவான பரப்பில் ஒடுங்கிவிட்டது. இந்த வீழ்ச்சி தொடர்ந்த காலத்திலேயே வீட்டுத் தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் பால்செடியை மீண்டும் நடுமாறு அங்கு இயக்கங்கள் தோன்றின. களையென்று பிடுங்கியதைக் காசு கொடுத்து வாங்கி நடும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. நமது வெந்தய வரியன் அத்தகைய ஆபத்தில் இல்லை. அது இன்னும் பரவலாகக் காணப்படும் இனமே. இருக்கும்போதே பேணிக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது என்பதே இதன் பொருள்.

வண்ணத்துப்பூச்சியும் கருவண்டும் இல்லாவிட்டால் நகரத்து மனிதனுக்கு என்ன நட்டம் என்று கேட்போர் இருக்கலாம். 2016ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச மதிப்பீட்டு அறிக்கையொன்று, உலகின் உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை ஓரளவுக்கேனும் பூச்சிகள் முதலான உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையில் தங்கியிருப்பதாகக் கூறியது. இதனைத் தொலைதூரத்துச் செய்தியாக நாம் கருதிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற கொழும்பு மக்கள், மொட்டை மாடியிலும் பல்கனியிலும் கத்தரியும் மிளகாயும் பயிரிடத் தொடங்கினர். அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்ததும் அந்த ஆண்டிலேதான்.

பையில் மண் நிரப்பி விதை போட்டுவிடலாம், நீரும் ஊற்றலாம். ஆனால் பூசணியிலும் பாகலிலும் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்கு எடுத்துச் செல்ல ஒரு பூச்சி வந்தாக வேண்டும். கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு துளையொன்றின் வழியாகவே வெளிவரும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதனை உதிர்க்கின்றது. தேனீ வளர்ப்பாளர் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்தக் கலை தெரியாது. மஞ்சள் நிறக் கொடித்தோடையோ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. கருவண்டு குறைந்துபோன நாடுகளில் தோட்டக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்துக் கையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுகின்றனர். பூச்செடி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று குறைப்படுபவர்கள், உரத்தை மாற்றுவதற்கு முன்னர் தங்கள் மாடிக்குக் கருவண்டு வருகின்றதா என்று பார்ப்பது நல்லது. ஆண்டு முழுவதும் தேன் தரும் எருக்கலையொன்று அண்மையில் நின்றால் அது அந்தச் சூழலைவிட்டு எளிதில் அகலாது.

நமது மரபு இச்செடியைச் சாபத்தில் மட்டும் வைத்திருக்கவில்லை. எளியவர் கொணரும் எருக்கம்பூவையும் தெய்வம் மறுப்பதில்லை என்ற கருத்தைப் பாரியின் கொடைக்கு உவமையாக்கினார் கபிலர். அது புறநானூற்றின் 106ஆம் பாடல். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை சாத்துவது இன்றும் தொடர்கின்ற வழக்கமாகும். இஸ்லாமிய சமயத்தில் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இடம்பெற்றுள்ளது. பதினாறாவது அத்தியாயமான அந்நஹ்லில், மலைகளிலும் மரங்களிலும் மட்டுமன்றி மனிதர் கட்டுபவற்றிலும் தேனீ தன் இல்லத்தை அமைத்துக்கொள்வது பேசப்படுகின்றது. ஒருவர் நட்ட செடியிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்பது நட்டவருக்குத் தர்மமாக அமையும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் நமது தொடர்மாடிகளில், ஒரே செடியைப் பேணுவதற்கு இரு சாராருக்கும் தத்தம் மரபிலேயே நியாயம் இருக்கின்றது.

எருக்கலை வளர்ப்பது கடினமான காரியமன்று. தண்டிலிருந்து வளர்ப்பதே இலகுவான வழி. பென்சிலைவிடச் சற்றுத் தடித்த, ஓரளவு முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, பால் வடிந்து வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். பின்னர் மணல் அதிகமாகக் கலந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு புதையுமாறு நட வேண்டும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். விதையிலிருந்து வளர்ப்போர் காய் வெடிப்பதற்குச் சற்று முன்பாகப் பறித்து, பஞ்சை நீக்கி, மெல்லிய மண் மூடுமளவுக்கு மட்டும் விதைத்தல் போதுமானது. கொழும்பில் இச்செடியின் எதிரி வரட்சியன்று; தேங்கும் மழைநீரே ஆகும். ஆகவே தென்மேல் பருவமழை கொட்டும் காலத்தில் இளங்கன்றுகளைக் கூரையின் கீழ் வைத்திருப்பது நல்லது.

நிலம் இருப்போர் வெயில் நன்கு படும் மதிலோரத்தைத் தெரிவு செய்யலாம். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். மாடியில் வளர்ப்போர் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமும் அகலமும் கொண்ட, அடியில் துளைகளுள்ள சாடியைப் பயன்படுத்த வேண்டும். இதன் வேர் ஆழமாக இறங்கும் இயல்புடையது. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றினால் போதும். உரம் அவசியமில்லை. கடற்காற்றின் உப்பைத் தாங்கக்கூடியது என்பதால் மரைன் டிரைவ் பக்கமாக வாழ்வோருக்குப் பல பூச்செடிகள் கருகும் இடத்திலும் இது நிற்கும். ஆண்டுக்கொருமுறை தலையை வெட்டிவிட்டால் ஆளுயரத்துக்குள் அடங்கிப் பக்கக் கிளைகள் விட்டு அதிகமாகப் பூக்கும். வெட்டுவதற்கு முன் இலையின் அடியில் புழுவோ கூட்டுப்புழுவோ உண்டா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலைகளில் துளை விழுவதைக் கண்டு மருந்து தெளிப்பவர் இச்செடியை நட்டதன் நோக்கத்தையே இழந்துவிடுவார். இளந்தண்டில் மொய்க்கும் மஞ்சள் நிறச் செடிப்பேன்களை நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. எருக்கம்பால் ஆபத்தானது. கண்ணில் பட்டால் ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காமலே பார்வை மங்கக்கூடும், கருவிழி பாதிக்கப்படக்கூடும். பட்டவுடன் தாராளமாகச் சுத்தமான நீரில் கழுவித் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். செடியை வெட்டும்போது கையுறை அணிவதும், கண்களைக் கையால் கசக்காதிருப்பதும் கட்டாயமாகும். வாயால் உட்கொள்வது இதயத்துக்குக் கேடு. கைவைத்தியம் என்று எவர் கூறினாலும் இதன் பாலையோ இலையையோ தாமாகப் பயன்படுத்தக் கூடாது. தவழும் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் முன்பள்ளி முற்றங்களிலும் இதனை நடாதிருப்பதே விவேகமாகும். 'வீட்டில் முளைக்கக்கூடாது' என்ற முன்னோர் சொல்லில் இந்த அனுபவமும் கலந்திருக்கக்கூடும்.

அத்தகைய வீடுகளுக்கு வேறு வழிகள் உண்டு. துளசியைப் பூக்கவிட்டால் தேனீக்கள் தேடி வரும். தும்பை சிறிய சாடியிலும் வளர்ந்து வண்ணத்துப்பூச்சிகளை அழைக்கும். வெயிலும் வடிகாலும் உள்ள இடத்தில் ஆவாரை ஆளுயரத்துக்கு வளர்ந்து மஞ்சள் பூக்களால் கருவண்டுக்கு மகரந்தம் வழங்கும். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலையே உணவுமாகும். எங்கிருந்தோ கொண்டுவரப்படும் அழகுச்செடிகளில் அவதானம் தேவை. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து அலங்காரச் செடியாக இங்கு வந்த நாயுண்ணி இன்று நமது காடுகளை ஆக்கிரமிக்கும் களையாக நிற்கின்றது. எருக்கின் உறவினமான மற்றொரு செடி வட அவுஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் அவ்வாறே களையாகிவிட்டது. ஒரு செடி நன்மையா தீமையா என்பதை அது நிற்கும் மண்ணே தீர்மானிக்கின்றது. நமது மண்ணில் எருக்கலை அந்நியமன்று.

செடி வளர்த்தால் நுளம்பு பெருகும் என்ற அச்சம் கொழும்பு வாசிகளிடம் இருப்பது இயல்பானதே. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராக இனங்காணப்பட்டதை எவரும் மறந்துவிட முடியாது. ஆனால் எருக்கிலை நீரைத் தேக்கி வைப்பதில்லை. ஆபத்து சாடியின் கீழே வைக்கப்படும் தட்டிலேயே இருக்கின்றது. அதனை அகற்றிவிட்டு மணல்மீது சாடியை வைக்கலாம். புகை விசிறல் நுளம்பை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்வதில்லை. கருவண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் சேர்த்தே கொல்கின்றது. நோய் பரவும் வேளையில் அது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். தேங்கும் நீரை நாமே வாரந்தோறும் அகற்றினால் அந்த நிலை வராமல் தடுக்க முடியும் என்பதே மறுக்க முடியாத உண்மை.

கொழும்பு 2018ஆம் ஆண்டில் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. உலகில் முதன்முதலாக இந்தத் தகுதியைப் பெற்ற நகரங்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பெருமை நகரின் எல்லையிலுள்ள சதுப்பு நிலங்களோடு முடிந்துவிடக் கூடாது. வெள்ளவத்தைக் கால்வாயின் கரை, கடலோர வீதியின் ஓரம், கோயில் நந்தவனம், பள்ளிவாசல் வளவு, தேவாலய முற்றம், தொடர்மாடியின் மதிலோரம் ஆகிய ஒவ்வொன்றிலும் சில அடி மண்ணைச் சீமெந்திலிருந்து விட்டுவைக்கலாம். பொது நிலங்களில் உரிய அதிகாரிகளின் அனுமதியுடனேயே நட வேண்டும். புகையிரதப் பாதைக்கு அருகே எவரும் தாமாகச் செல்லக் கூடாது. தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசலாம். மாநகர சபையின் துப்புரவுப் பணியாளர்கள் வீதியோரத்தைச் சுத்திகரிக்கும்போது, போக்குவரத்துக்கு இடையூறில்லாத எருக்கலையை விட்டுவைக்குமாறு பணிக்கப்படலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

எருக்கலை நாற்றுக்கடைகளில் விலைக்கு வரும் செடியன்று. கரையோரத்தில் நிற்கும் ஒன்றிலிருந்து ஒரு தண்டை எடுத்து வரலாம். அல்லது மதில் மூலையில் தானாக முளைத்திருப்பதைப் பிடுங்காமல் விட்டுவிடலாம். வெட்டாமல் விடுவதற்கு வெட்டுவதைவிடக் குறைந்த உழைப்பே தேவை. அடுத்த மழைக்குப் பின்னர் அந்த மூலையில் வரியிட்ட புழுவொன்று இலையைத் தின்றுகொண்டிருந்தால், வீட்டுச் சிறுவர்களை அழைத்து எட்ட நின்று அதனைக் காட்டுவது பெற்றோரின் கடமையாகட்டும். அது கூடு கட்டிச் சிறகு விரிக்க இரண்டு மூன்று வாரங்களே ஆகும்.